நாலு பேர், ஒரு கார், அயர்லாந்தின் கிராமத்துச் சாலைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டப்ளினுக்கு வேலைக்கு வந்து எட்டு வருடம் ஆகிறது. வருடத்துக்கு ஒரு முறையாவது ஊரிலிருந்தோ லண்டனிலிருந்தோ நண்பர்கள் வந்து இறங்குவார்கள். கார் எடுத்துக்கொண்டு மேற்குப் பக்கம் கிளம்புவோம். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே வாட்ஸ்அப்பில் கேள்விகள் வர ஆரம்பிக்கும். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

ஒரு வாரத்தில் அயர்லாந்து முழுக்கச் சுற்றிவிடலாமா?

வரைபடத்தைப் பார்த்தால் முடியும் என்றுதான் தோன்றும். வடக்கையும் சேர்த்து மொத்தத் தீவே சுமார் 84,000 சதுர கிலோமீட்டர்தான். கிழக்கே டப்ளினிலிருந்து மேற்கே கால்வே நகரத்துக்கு 210 கி.மீ., இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். "அப்போ நாலு நாள்ல ஒரு ரவுண்டு அடிச்சிரலாமே" என்று யாராவது ஒருவன் கட்டாயம் சொல்வான்.

கணக்கு தப்புவது மேற்குக் கரைக்குப் போன பிறகுதான். அங்கே கடல் நிலத்துக்குள் புகுந்து புகுந்து கரையை விரல் விரலாகப் பிரித்து வைத்திருக்கிறது. எதிர்க்கரையில் துணி காய்வது கண்ணுக்குத் தெரியும். அங்கே போக ஒரு மணி நேரம் சுற்ற வேண்டும். டொனகல் கவுண்டியின் (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி) இனிஷோவன் தீபகற்பத்திலிருந்து கார்க் கவுண்டியின் கின்சேல் வரை இந்தக் கரையோரமாகவே போகும் பாதைக்கு 2014இல் 'வைல்ட் அட்லாண்டிக் வே' என்று பெயர் வைத்து அலை போட்ட பலகைகளை நட்டார்கள். நீளம் ஏறத்தாழ 2,500 கி.மீ. அதை ஒரே வாரத்தில் முடிக்கக் கிளம்புகிறவர்கள் பார்ப்பது பெரும்பாலும் முன்கண்ணாடியில் ஓடும் வைப்பரைத்தான்.

நான் வைத்திருக்கும் கணக்கு இது. கிராமப்புறத்தில் மணிக்கு 50 கி.மீ.க்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். ஒரு நாளில் நாலு மணி நேரத்துக்கு மேல் ஓட்டாதீர்கள். ஒரு வாரம் இருந்தால் இரண்டு தீபகற்பம், நாலு நாள் இருந்தால் ஒன்று. மற்றதெல்லாம் அடுத்த தடவைக்கு.

எந்த மாதம் நல்லது?

மே, ஜூன், செப்டம்பர். ஜூன் கடைசியில் மேற்குக் கரையில் இரவு பத்து மணி வாக்கில்தான் சூரியன் மறையும். அதற்குப் பிறகும் ஒரு மணி நேரம் வெளிச்சம் கிடக்கும். டிசம்பரில் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். பல ஊர்களில் தங்குமிடமும் கஃபேயும் மூடிக் கிடக்கும். ஜூலை, ஆகஸ்ட்டில் இங்கே பள்ளி விடுமுறை. அறை கிடைப்பது குதிரைக்கொம்பு, விலையும் ஏறும்.

மழை எந்த மாதமும் வரும். காலையில் வெயில், பத்து மணிக்குத் தூறல், பதினொன்றுக்கு மறுபடி வெயில் என்று ஒரே நாளில் எல்லாம் நடக்கும். குடை கொண்டுவர வேண்டாம், காற்று அதைத் திருப்பிப் போட்டுவிடும். தொப்பி வைத்த மழைக்கோட்டும், தண்ணீர் புகாத ஷூவும் போதும். மழை பெய்கிறதே என்று அறையில் உட்கார்ந்தால் ஒரு வாரமும் அறையில்தான்.

ஷெங்கன் விசா இருக்கிறது. அது போதுமா?

போதாது. அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது, ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போய்வரும் ஷெங்கன் கூட்டமைப்பில் இல்லை. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குத் தனி ஐரிஷ் விசா தேவை.

குழப்பம் வருவது வடக்கு அயர்லாந்தில். அது ஐக்கிய இராச்சியத்தின் பகுதி. எல்லையில் சோதனைச் சாவடி கிடையாது, கேட் கிடையாது, யாரும் கை காட்டி நிறுத்துவதில்லை. சாலை ஓரத்து மஞ்சள் கோடு வெள்ளையாக மாறும், வேகப் பலகையில் எண்கள் மைலுக்கு மாறும், அவ்வளவுதான். அதற்காக விசா தேவையில்லை என்று நினைத்துவிடக் கூடாது. சட்டப்படி பிரிட்டன் விசாவும் வேண்டும். டப்ளினில் வேலை செய்யும் எனக்கே வேண்டும். இந்தியாவிலிருந்து விண்ணப்பிக்கும் இந்தியர்களுக்கு ஒரே விசாவில் இரண்டு நாட்டுக்கும் போய்வரும் பிரிட்டிஷ்-ஐரிஷ் விசா திட்டம் ஒன்று உண்டு. விசாவில் அந்தக் குறிப்பு இருக்க வேண்டும்; எந்த நாடு விசா கொடுத்ததோ அங்கேதான் முதலில் இறங்க வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு இது பொருந்தாது.

விசா கையில் இருந்தால் வடக்கே ஜயன்ட்ஸ் காஸ்வேயைப் பாருங்கள். எரிமலைக் குழம்பு ஆறியபோது வெடித்து உண்டான சுமார் 40,000 கல் தூண்கள், அளவெடுத்து அடுக்கியது போலக் கடலுக்குள் இறங்கும். அது இருக்கும் ஆன்ட்ரிம் கவுண்டியில்தான் நம் இடையன்குடி கால்டுவெல் 1814இல் பிறந்தார். கிளேடி என்று ஒரு சின்ன ஊர். திருநெல்வேலிக்காரன் ஒருவன் எங்களோடு வந்தபோது, தூணைப் பார்த்ததைவிட இதைக் கேட்டுத்தான் அதிகம் ஆச்சரியப்பட்டான்.

நம் ஊர் லைசென்ஸில் ஓட்டலாமா?

சுற்றுலா வருகிறவர்கள் செல்லுபடியாகும் சொந்த நாட்டு லைசென்ஸில் ஒரு வருடம் வரை ஓட்டலாம். ஆனால் வாடகை கார் நிறுவனங்கள் தங்களுக்கென்று தனி நிபந்தனை வைத்திருக்கும். சர்வதேச ஓட்டுநர் அனுமதி கேட்பார்கள், 25 வயதுக்குக் கீழே என்றால் கூடுதல் பணம் கேட்பார்கள், ஓட்டுகிறவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். டெபிட் கார்டை நீட்டி கவுன்ட்டரில் மாட்டிக்கொண்ட கூட்டம் ஒன்றை விமான நிலையத்திலிருந்து நானே போய் மீட்டிருக்கிறேன். ஆர்.டி.ஓ. ஆபீஸில் அந்த அனுமதியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

இடதுபுறம் ஓட்டும் நாடு, ஸ்டியரிங் வலதுபுறம். அந்த வகையில் நமக்குச் சுலபம். அமெரிக்காவிலிருந்து வரும் நண்பர்களைத்தான் முதல் நாள் ஓட்ட விடுவதில்லை.

ஆறு பேர் இருக்கிறோம். பெரிய வண்டியாக எடுத்துவிடலாமா?

எடுக்காதீர்கள். அடுத்த கேள்விக்கான பதிலைப் படித்தால் ஏன் என்று புரியும். ஆறு பேர் என்றால் இரண்டு சின்ன கார். நாலு பேருக்கு ஒரு ஹேட்ச்பேக் போதும், ஆளுக்கு ஒரு பை மட்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். நாலு பெரிய சூட்கேஸ் எந்த டிக்கியிலும் நுழையாது. பின்சீட்டில் மடியில் சூட்கேஸோடு உட்கார்ந்து வருகிறவர் மூன்றாம் நாள் பேசுவதை நிறுத்திவிடுவார்.

மேனுவல் கியர் கார் மலிவு, ஆட்டோமேட்டிக் விலை கூடுதல். மேடும் பள்ளமும் நிறுத்தலும் நிறைந்த சாலையில் பழக்கமில்லாத கிளட்ச்சோடு போராட வேண்டுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். நான் ஆட்டோமேட்டிக் பக்கம். இரண்டு பேர் பெயரை ஓட்டுநராகப் பதிவு செய்யுங்கள். பெயர் இல்லாதவர் ஓட்டி ஏதாவது ஆனால் காப்பீடு கைவிரித்துவிடும்.

காப்பீட்டைப் பற்றி ஒரே வரி: டயர், கண்ணாடி, காரின் அடிப்பாகம் மூன்றும் சாதாரணக் காப்பீட்டில் வருகிறதா என்று கேளுங்கள். கிராமத்துச் சாலையில் அடிபடுவது இந்த மூன்றும்தான்.

கிராமத்துச் சாலைகள் அவ்வளவு குறுகலா?

ஐரிஷ் மொழியில் சாலைக்கு 'போஹர்' என்று பெயர். 'போ' என்றால் பசு. ஒரு மாடு நீளவாக்கிலும் இன்னொன்று குறுக்காகவும் நிற்கும் அளவுக்கு இருந்தால் அது சாலை என்று அந்தக் காலத்தில் அளவு வைத்திருந்தார்களாம். அதன் குட்டிதான் 'போரீன்'. நடுவில் புல் முளைத்திருக்கும். இரண்டு பக்கமும் வேலிச்செடி ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்று தெரியாது.

சாலைகளின் பெயரிலேயே தரம் இருக்கிறது. எம் என்று தொடங்கினால் மோட்டார்வே. என் என்றால் தேசியச் சாலை, அதில் நல்லதும் உண்டு சுமாரும் உண்டு. ஆர் என்றால் வட்டாரச் சாலை. எல் என்றால் உங்கள் அதிர்ஷ்டம். கோடைக்காலத்தில் இந்த எல் சாலைகள் இன்னும் ஒடுங்கும், ஏனென்றால் பறவைகள் கூடு கட்டும் காலம் என்று மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை வேலிச்செடிகளை வெட்டச் சட்டம் விடுவதில்லை, விதிவிலக்குகள் சில தவிர. கெர்ரியிலும் மேற்கு கார்க்கிலும் அந்த வேலி ஃபியூஷியா செடியாக இருக்கும். சிவப்பு ஜிமிக்கி போல ஆயிரக்கணக்கில் பூ தொங்கும். பார்க்க அழகு. பக்கக் கண்ணாடி அதில் உரசிக்கொண்டே போகும்போது பின்சீட்டில் இருப்பவர்கள் மூச்சை உள்ளிழுத்துக்கொள்வார்கள், கார் ஒல்லியாகிவிடும் என்பது போல.

எதிரே வண்டி வந்தால்? இடைவெளிக்கு யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள் ரிவர்ஸ் எடுக்க வேண்டும். கெர்ரி கவுண்டியின் டிங்கிள் தீபகற்பத்தில் ஒருமுறை வளைவு திரும்பியதும் எதிரே டிராக்டர், பின்னால் வைக்கோல் ஏற்றிய ட்ரெய்லர். அது பின்னால் போக வழியே இல்லை. நான் இருநூறு மீட்டராவது பின்னால் போயிருப்பேன், பாதி நேரம் வேலிக்குள்தான். ஓட்டி வந்த பெரியவர் எஞ்சினை அணைத்துவிட்டு, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு வயல் வாசலில் ஒதுங்கி நின்றேன். கடந்து போகும்போது ஸ்டியரிங்கைப் பிடித்த கையிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் ஒரு அங்குலம் தூக்கினார்.

அந்த விரல்தான் இங்கே கிராமத்து வணக்கம். தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் உண்டு. நீங்களும் தூக்க வேண்டும். முதல் நாள் முழுக் கையையும் ஆட்டுவீர்கள், மூன்றாம் நாள் விரலுக்கு வந்துவிடுவீர்கள்.

வேக வரம்பு, சுங்கம்?

குடியரசில் கிலோமீட்டர்: மோட்டார்வேயில் 120, தேசியச் சாலையில் 100, வட்டாரச் சாலையில் 80, ஊருக்குள் 50. எல் சாலைகளுக்கு முன்பு 80 என்று இருந்ததை 2025 பிப்ரவரியில் 60 ஆகக் குறைத்தார்கள். பலகையில் போட்டிருப்பது வரம்புதான். அந்த வேகத்தில் போயே ஆக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பின்னால் உள்ளூர்க்காரர் நெருக்கினால் ஒதுங்கி வழி விடுங்கள், நன்றியாக விளக்கைச் சிமிட்டிவிட்டுப் போவார்.

சுங்கச்சாவடி பெரும்பாலும் நம் ஊர் மாதிரிதான், நின்று கட்டிவிட்டுப் போகலாம். டப்ளினைச் சுற்றும் எம் 50இல் மட்டும் சாவடி கிடையாது. கேமரா நம்பரைப் படம் பிடிக்கும். மறுநாள் இரவு எட்டு மணிக்குள் ஆன்லைனிலோ கடையிலோ கட்ட வேண்டும், தவறினால் அபராதம். வாடகை காரில் அதை நிறுவனமே பார்த்துக்கொள்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஜிபிஎஸ்ஸை நம்பலாமா?

பாதி நம்பலாம். அதற்கு எல் சாலையும் சாலைதான். மூன்று நிமிடம் மிச்சம் என்று உங்களை யாருடைய தொழுவத்துக்குள்ளாவது இறக்கிவிடும். போரீன் கண்ணில் பட்டதும் 'நேராகப் போனால் எவ்வளவு நேரம்' என்று பாருங்கள். பெரும்பாலும் ஐந்து நிமிடம்தான் கூடும்.

கிராமத்து வீடுகளுக்குக் கதவு எண், தெருப் பெயர் எதுவும் இருக்காது. 2015இல் ஒவ்வொரு முகவரிக்கும் தனித்தனியாக ஏழு எழுத்தில் எயர்கோடு என்று கொடுத்தார்கள். தங்குமிடத்தின் எயர்கோடை வாங்கி வைத்துக்கொண்டால் இருட்டில் தேட வேண்டியதில்லை.

இன்னொரு சிக்கல் பெயர்கள். ஐரிஷ் பேசும் பகுதிகளைக் கேல்டாக்ட் என்கிறார்கள். அங்கே பலகைகளில் ஐரிஷ் பெயர் மட்டும்தான். நீங்கள் டன்குவின் என்று தேடிக்கொண்டிருப்பீர்கள், பலகை 'டூன் க்வீன்' என்று இருக்கும், அதையும் நாம் படிக்கிற மாதிரி எழுதியிருக்க மாட்டார்கள். 2005இல் டிங்கிளின் ஆங்கிலப் பெயரையே பலகையிலிருந்து எடுத்தபோது ஊரே சண்டைக்கு நின்றது. உள்ளூரில் வாக்கெடுப்பு நடந்து, கடைசியில் அந்தப் பெயர் திரும்பி வந்தது. ஐரிஷ் பெயர்களையும் போட்ட காகித வரைபடம் ஒன்றை டேஷ்போர்டில் வைத்துக்கொள்ளுங்கள். சிக்னல் போனாலும் அது வேலை செய்யும்.

சரி, ஒரு வாரத்துக்கு நீங்களே ஒரு ரூட் சொல்லுங்கள்.

முதல் நாள் டப்ளினிலிருந்து எம் 6 வழியாகக் கால்வே. நேரே போகாமல் அத்லோன் பக்கத்தில் கிளான்மக்னாய்ஸுக்கு இறங்குங்கள். ஷானன் ஆற்றங்கரையில் ஆறாம் நூற்றாண்டில் தொடங்கிய மடம். உடைந்த கோயில்கள், வட்டக் கோபுரம், கல் சிலுவைகள், கீழே ஆறு அசையாமல் கிடக்கும்.

இரண்டாம், மூன்றாம் நாள் கானமாரா. கிளிஃப்டனில் தங்குங்கள். மலையும் ஏரியும் கரி மண் சதுப்பும்தான், ஊர்கள் மிகக் குறைவு. ஊருக்குத் தெற்கே டெரிகிம்லா சதுப்பில் ஒரு நடைபாதை உண்டு. 1919 ஜூன் 15 அன்று அட்லாண்டிக்கை முதன்முதலாக நிற்காமல் கடந்த ஆல்காக், பிரவுன் இருவரின் விமானம் இறங்கிய இடம் அது. மேலிருந்து பச்சைப் புல்வெளி என்று நம்பி இறக்கினார்கள், மூக்கு சேற்றில் குத்தி நின்றது. காலை வைத்துப் பார்த்தால் ஏன் ஏமாந்தார்கள் என்று புரியும், ஷூவும் ஈரமாகும்.

நாலாம் நாள் தெற்கே இறங்கி பர்ரன். மண்ணே இல்லாத சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறை, மைல் கணக்கில். அதன் வெடிப்புகளில் மட்டும் மே மாதம் நீலப் பூக்கள். இரவு டூலினில், பப்பில் ஃபிடில், புல்லாங்குழல் கேட்கலாம். ஐந்தாம் நாள் கில்லிமரிலிருந்து காரையே படகில் ஏற்றி ஷானன் கழிமுகத்தைக் கடந்து டார்பர்ட். இருபது நிமிடம்தான், லிமரிக் சுற்றிப் போகும் நூறு கிலோமீட்டருக்கு மேல் மிச்சம். அப்புறம் டிங்கிளில் இரண்டு இரவு. ஏழாம் நாள் காலையில் சீக்கிரம் எழுந்து டப்ளின் திரும்புங்கள், நாலரை ஐந்து மணி நேரப் பயணம், அன்று மட்டும் என் நாலு மணிக் கணக்கு மீறும்.

இதில் கெர்ரியின் பிரபலமான சுற்றுப்பாதையான ரிங் ஆஃப் கெர்ரி இல்லையே என்று கேட்பீர்கள். கேட்டாகிவிட்டது, கீழே பதில் இருக்கிறது.

மோஹெர் பாறைகளுக்குப் போயே ஆக வேண்டுமா?

போங்கள். 214 மீட்டர் உயரம் வரை போகும் பாறைச் சுவர், கீழே அட்லாண்டிக். கூட்டம் பிடிக்காது என்பதற்காக அதை விட்டுவிடுவது வீம்பு. பகல் பன்னிரண்டுக்குப் போகாமல் மாலை ஆறுக்கு மேல் போங்கள், டூர் பஸ்கள் டப்ளின் திரும்பியிருக்கும். ஒருமுறை நாங்கள் போனபோது வெள்ளைப் பனிமூட்டம் தவிர ஒன்றுமில்லை. டிக்கெட் காசு போச்சு என்று ஒருவன் புலம்பிக்கொண்டே இருந்தான். முக்கால் மணி நேரம் கழித்து ஐந்து நிமிடம் மட்டும் திரை விலகியது. அவன் அப்போது கழிப்பறையில் இருந்தான்.

விளிம்புக்குப் போகாதீர்கள். காற்று ஒரே திசையில் அடிக்காது, மண் சரியும்.

ரிங் ஆஃப் கெர்ரியா, டிங்கிளா?

இரண்டில் ஒன்று என்றால் நான் டிங்கிள்தான் சொல்வேன். ரிங் ஆஃப் கெர்ரி 179 கி.மீ. சுற்று. கில்லார்னியிலிருந்து டூர் பஸ்கள் வரிசையாகக் கிளம்பி இடஞ்சுழியாகப் போகும். அவற்றின் பின்னால் மாட்டினால் நாள் முழுக்க ஒரு பஸ்ஸின் முதுகைப் பார்க்கலாம். கில்லார்னிக்கும் கென்மேருக்கும் நடுவே மோல்ஸ் கேப், லேடீஸ் வியூ வழியாகப் போகும் பகுதி மட்டும் உண்மையிலேயே அபாரம். அரை நாள் போதும்.

ரிங்குக்குப் போனால் அதிலிருந்து விலகி வேலன்ஷியா தீவுக்குப் போங்கள். அட்லாண்டிக்கின் அடியில் போட்ட தந்திக் கம்பி 1866இல் நிலையாக வேலை செய்யத் தொடங்கியது அங்கிருந்துதான். பக்கத்துப் போர்ட்மகீயிலிருந்து ஸ்கெல்லிக் மைக்கேலுக்குப் படகு. கடலில் ஊசிபோல் நிற்கும் பாறை. உச்சியில் துறவிகள் கட்டிய தேன்கூட்டு வடிவக் கல் குடில்கள். கைப்பிடி இல்லாத 618 படி. ஒரு நாளைக்கு 180 பேரைத்தான் விடுகிறார்கள், அதுவும் மே நடுவிலிருந்து செப்டம்பர் வரை. பல மாதம் முன்பே பதிவு செய்தாலும் அலை பெரிதானால் ரத்து. உயரம் என்றால் தலைசுற்றுகிறவர்கள் படகிலிருந்தே பார்க்கலாம்.

டிங்கிளின் ஸ்லே ஹெட் சுற்று ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை. ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். வலஞ்சுழியாகப் போங்கள், கோயில் பிரகாரம் மாதிரி. பெரிய வண்டிகளும் அப்படித்தான் போகும் என்பதால் எதிரே பஸ் வராது. சாந்து பூசாமல் கல்லைக் கல்லோடு சாய்த்து அடுக்கிய கேலரஸ் வழிபாட்டுக்கூடம் வழியில் இருக்கிறது. கவிழ்த்து வைத்த படகு மாதிரி. மழை பெய்யும்போது உள்ளே போய் நின்றேன், ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. எதிரே கடலில் தெரிவது பிளாஸ்கெட் தீவுகள். பெரிய தீவில் எஞ்சியிருந்த கொஞ்சம் பேரையும் 1953இல் கரைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். வீடுகளின் சுவர்கள் மட்டும் நிற்கின்றன.

கூட்டம் வராத, ஆனால் விடக்கூடாத இடம்?

இரண்டு சொல்கிறேன். இரண்டும் கொண்டாட்டமான இடங்கள் இல்லை.

கானமாராவுக்கு வடக்கே, மேயோ கவுண்டியில் டூலாக் பள்ளத்தாக்கு. இரண்டு பக்கமும் மலை, நடுவில் கரிய ஏரி, ஓரமாக ஒரே ஒரு சாலை. 1845இல் உருளைக்கிழங்கு அழுகி வந்த பஞ்சத்தில் இந்த நாட்டில் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் செத்தார்கள், இன்னும் அவ்வளவு பேர் கப்பலேறினார்கள். 1849 மார்ச்சில் லூயிஸ்பர்க் மக்களைப் பரிசோதித்து நிவாரணம் தருவதாகச் சொல்லி, பல மைல் தள்ளியிருந்த டெல்ஃபி லாட்ஜுக்கு வரச் சொன்னார்கள் அதிகாரிகள். பட்டினியோடு குளிரில் நடந்து போனவர்கள் வெறுங்கையோடு திரும்பும் வழியில் இந்தச் சாலையிலேயே விழுந்து இறந்தார்கள். இப்போது ஒரு கல் சிலுவை மட்டும் நிற்கிறது. அந்தப் பஞ்ச காலத்தில் லண்டன் கருவூலத்திலிருந்து நிவாரணக் கணக்கைப் பிடித்து வைத்திருந்தவர் சார்ல்ஸ் ட்ரெவெலியன். இங்கே இன்றும் கசப்போடு சொல்லப்படும் பெயர். அவரேதான் 1859இல் சென்னை மாகாண ஆளுநராக வந்தார். இதை அந்தச் சாலையில் வைத்து நண்பர்களிடம் சொன்னபோது யாரும் எதுவும் பேசவில்லை. காரில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, ஒருவன் கை நீட்டி நிறுத்தினான்.

இன்னொன்று கார்க் கவுண்டியின் ஷீப்ஸ் ஹெட் தீபகற்பத்தில் அஹகிஸ்டா. 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் குண்டு வெடித்து இந்தக் கடலில் விழுந்தது. 329 பேர். கடலைப் பார்த்தபடி ஒரு சிறு தோட்டம், சூரியக் கடிகாரம், பெயர்கள் பொறித்த சுவர். ஒவ்வோர் ஆண்டும் அந்தத் தேதியில் குடும்பங்கள் வருகின்றன, உள்ளூர்க்காரர்களும் வந்து நிற்கிறார்கள். மேலே சொன்ன ரூட்டில் இது வராது. கூட ஒரு நாள் இருந்தால் கென்மேர் வழியாக இறங்குங்கள்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது? நான் சைவம்.

சைவமானாலும் பட்டினி கிடக்க மாட்டீர்கள், ஆனால் அலுப்புத் தட்டும். எந்த கிராமத்து பப்பிலும் காய்கறி சூப்பும் பழுப்பு சோடா ரொட்டியும் கிடைக்கும். சூப் கோழிச் சாற்றில் செய்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காலை உணவில் கறுப்பாக வட்டமாக வருவது பிளாக் புடிங், பன்றி ரத்தம் சேர்த்தது. தெரியாமல் சாப்பிட்டுவிட்டுப் பிறகு என்னைத் திட்டியவர்கள் உண்டு.

மற்றவர்களுக்கு மீன் சவுடர், மஸல்ஸ், பெட்ரோல் பங்க் டெலியில் கிடைக்கும் சிக்கன் ஃபில்லெட் ரோல். இந்தக் கடைசி ஐட்டத்தைக் கேவலமாக நினைக்க வேண்டாம், பாதி நாடு மதியத்துக்கு அதைத்தான் சாப்பிடுகிறது. டீ நன்றாக இருக்கும். நல்ல கடும் டீ, பால் ஊற்றி. ஏலக்காய்தான் இல்லை.

முக்கியமாக ஒன்று: சமையலறை இரவு எட்டரை, ஒன்பதுக்கு மூடிவிடும். வெளிச்சத்தை நம்பி ஒன்பதரைக்குப் போனால் உருளை சிப்ஸ் பாக்கெட்தான். நாங்கள் ரைஸ் குக்கர், பருப்புப் பொடி, ஊறுகாய் எப்போதும் டிக்கியில் வைத்திருப்போம்.

பப்புக்குப் போனால் யார் ஓட்டுவது?

குடிக்காதவர். இங்கே வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம். ஒரு பைன்ட் பியரிலேயே விளிம்புக்கு வந்துவிடலாம். போலீஸ் கிராமச் சாலையிலும் காலை நேரத்திலும்கூட நிறுத்தி ஊதச் சொல்வார்கள், முந்தின இரவின் மிச்சமும் மாட்டும். நடந்து போகும் தூரத்தில் பப் இருக்கிற ஊரில் தங்குவதுதான் எங்கள் வழக்கம்.

இன்னொரு வழக்கம் தெரிந்திருக்க வேண்டும். உள்ளூர்க்காரர் உங்கள் மேசைக்கு ஒரு ரவுண்டு வாங்கினால் அடுத்தது உங்களுடையது. வாங்கிக் குடித்துவிட்டு நழுவினால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஆனால் மறக்கவும் மாட்டார்கள்.

ஆடு சாலையில் படுத்திருந்தால்?

காத்திருங்கள். ஹாரன் அடிக்காதீர்கள், அது பயந்து எந்தப் பக்கம் ஓடும் என்று ஆட்டுக்கே தெரியாது. முதுகில் நீலமும் சிவப்புமாகப் பூசியிருப்பது எந்த வீட்டு ஆடு என்ற அடையாளம். வயல் கேட்டைத் திறந்தால் திரும்ப மூடுங்கள். கேட் முன்னால் காரை நிறுத்தாதீர்கள், டிராக்டர் வரும்.

வயல் நடுவே தனியாக ஒரு முள்மரம் நின்றால் கிளையை ஒடிக்காதீர்கள். அது தேவதைகளின் மரம். கிளேர் கவுண்டியில் 1999இல் நெடுஞ்சாலை போடும்போது அப்படி ஒரு மரம் குறுக்கே நின்றது. எடி லெனிஹன் என்ற கதைசொல்லி அதை வெட்டக்கூடாது என்று போராடினார், மரத்தை விட்டுவிட்டுத்தான் சாலை போட்டார்கள். முனீஸ்வரன் மரத்துக்குச் சாலையை வளைத்த ஊர்க்காரர்களுக்கு இதில் விளக்கம் தேவையில்லை.

கூடப் போகிற நண்பர்களோடு சண்டை வராமல் இருக்க?

வரும். பெரும்பாலும் மூன்றாம் நாள் மாலை, பசி நேரத்தில். எல்லோரும் முதல் நாளே சமமாகப் பணம் போட்டு ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள். பெட்ரோல், பார்க்கிங், டீ எல்லாம் அதிலிருந்து. முன்சீட்டு தினமும் மாறட்டும். முன்சீட்டில் இருப்பவர் தூங்கக் கூடாது. பெட்ரோல் பங்கில் நீங்களேதான் நிரப்ப வேண்டும்; பச்சைக் குழாய் பெட்ரோல், கறுப்பு டீசல். எங்கள் கூட்டத்தில் ஒருமுறை இது மாறிப்போனது. அந்தப் பயணத்தின் நான்கு மணி நேரம் ஒரு பங்க் வாசலில் கழிந்தது. போட்டவனும் நானும் இன்றைக்கும் நண்பர்கள்தான், டேங்க் மூடியைத் தொட மட்டும் அவனை விடுவதில்லை.

காரைத் திருப்பிக் கொடுக்கும்போது கவனிக்க வேண்டியது?

எடுக்கும்போதே காரைச் சுற்றி வந்து போனில் வீடியோ எடுங்கள். சக்கர வளையம், பக்கக் கண்ணாடி, பம்பரின் அடி. ஒருமுறை நான் எடுக்காமல் விட்டேன், யாரோ போட்ட கீறலுக்கு நான் பணம் கட்டினேன். திருப்பிக் கொடுப்பதற்கு முன் டேங்க்கை நிரப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பங்கிலேயே ஐந்து நிமிடம் ஒதுக்கி பக்கக் கண்ணாடி இடுக்கிலும் நம்பர் பிளேட்டுக்குப் பின்னாலும் மாட்டியிருக்கும் வேலிச்செடியை எடுத்துவிடுங்கள். போன முறை ஒரு கைப்பிடி ஃபியூஷியா வந்தது, கொஞ்சம் ஆட்டு மயிரும்.